புதுமுக மாணவரும் வழிகாட்டுவோரும்



எமது நாட்டிலே ஒரு பிள்ளை முதன்முதலாக எழுத்தறியத் தொடங்கும் நாள் ஒரு பெருநாளாகும். விசயதசமியன்றோ தைப்பூசத்தன்றோ நல்ல வேளை பார்த்து, தட்டிலே பச்சையரிசி பரப்பி, பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பற்றி முதலெழுத்தை எழுதுவிப்பார். இதனை ஏடு தொடக்குதல் என்று வழங்குகின்றோம். கல்வியின் வாயிலை அடைந்த பிள்ளை தனியே உள்ளே புகலாகாது, கற்றறிந்த ஒருவர் அதன் கையைப் பிடித்து அழைத்துச் செல்லல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட கருத்தாகும்.

அதே பிள்ளை வளர்ந்து, பரீட்சைகள் பல கடந்து, இருபது வயதளவிலே பல்கலைக்கழகத்தின் வாயிலிலே சென்று நிற்கின்றது. இதுவும் ஓர் ஏடு தொடக்கமே. ஆனால் இங்கே விரலைப் பிடிப்பவர் யார்? பாடசாலையிலே மணி அடித்தவுடன் பாடம் மாறும். ஆசிரியர் சொல்லச் சொல்லக் குறிப்பெழுதினாற் போதும். ஒரு நாள் வரவில்லையாயின் வீட்டுக்குச் சொல்லியனுப்புவார்கள். பல்கலைக்கழகத்திலோ பாடத்தைத் தெரிபவனும் மாணவன்; நூல் நிலையத்திலே நூலைத் தேடுபவனும் மாணவன்; விரிவுரைக்குப் போகாதிருந்தால் அதனை உடனே கண்டுகொள்பவர் எவருமிலர். இத்தகைய மாற்றத்தின் முன்னே மலைத்து நிற்கும் புதுமுக மாணவனுக்கு வழிகாட்டும் பொறுப்பை அவ்வக் காலத்திலே யார் ஏற்றார்கள், யார் ஏற்காது விட்டார்கள், விட்டதனால் விளைந்தது யாது என்பதையே இன்று உங்களுடன் சிந்திக்க விரும்புகின்றேன்.

ஐரோப்பாவிலே பல்கலைக்கழகங்கள் தோன்றிய மத்திய காலத்துக்கு முதலிற் செல்வோம். பரிஸ் மாநகரிலே புதிதாக வந்து சேர்ந்த மாணவனுக்கு மூத்த மாணவர்கள் இட்ட பெயர் 'மஞ்சள் அலகு' என்பதாகும். கூட்டை விட்டு அப்போதுதான் வெளிவந்த குஞ்சு என்று ஏளனஞ் செய்தவாறு. அவனிடம் பணம் பறிப்பதும், அவன் செலவிலே விருந்துண்பதும் வழக்கமாயின. புதியவரிடம் பணம் வாங்கலாகாதென்று 14 ஆம் நூற்றாண்டிலேயே அப் பல்கலைக்கழகத்தார் விதி செய்ய வேண்டியதாயிற்று. செருமனியிலுள்ள ஹைடல்பேர்க் நகரிலே 1481 ஆம் ஆண்டளவில் மாணவருக்கென ஒரு கைந்நூல் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. இரு மாணவர் உரையாடுவது போல அமைந்த அந்நூலிலே, புதியவனைக் கொம்பு முளைத்த காட்டு விலங்காகப் பாவித்து, அவன் கொம்பை அறுப்பதாகவும் நாற்றத்தைப் போக்குவதாகவும் பாசாங்கு செய்து அலைக்கழிக்கும் சடங்கு விரிவாகச் சொல்லப்பட்டிருக்கின்றது. எமது நாட்டிலே நாம் பகிடிவதை என்று குறிப்பிடும் கொடுமைக்கு வயது 600 ஆண்டுக்கும் மேலென்பது இதனாற் புலனாகும்.

அக் காலத்திலேயே வேறொரு வழியை நாடியவர்களும் இருந்தனர். இங்கிலாந்திலே வின்செஸ்ரர் என்னும் ஊரின் மேற்றிராணியாராயிருந்த வில்லியம் ஒவ் விக்கம் என்பவர் 1379 ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போட் நகரில் நியூ கொலிஜ் எனப்படும் கல்லூரியை நிறுவினார். மூத்த அறிஞர்கள் தம்முடன் ஒரே கூரையின் கீழ் வாழும் இளைய மாணவருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்து அவர்களை மேற்பார்வை செய்தல் வேண்டுமென்றும், அதற்கு ஊதியம் உண்டென்றும் அக் கல்லூரியின் விதிகளில் ஏற்பாடு செய்யப்பட்டது. பிற்காலத்திலே உலகப் புகழ் பெற்ற ஒக்ஸ்போட் பயிற்றாசிரியர் முறைக்கு இதுவே வித்தென்று வரலாற்றாசிரியர் கூறுவர். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இவர் கல்லூரியை மட்டும் கட்டிவிட்டு ஓய்ந்து விடவில்லை. அதற்கு மாணவரை ஆயத்தஞ் செய்வதற்கென 1382 ஆம் ஆண்டிலே வின்செஸ்ரரில் ஒரு பாடசாலையையும் நிறுவினார். பாடசாலையின் முடிவும் பல்கலைக்கழகத்தின் தொடக்கமும் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டுமென்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1823 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையிலே ஓர் உயர்தரக் கல்விச்சாலையைத் தொடங்கினர். அதுவே வட்டுக்கோட்டைச் செமினரி. டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மாணவர் யாவரும் விடுதியிலே தங்கிக் கற்றனர். உணவும் உடையும் மிசனே கொடுத்தது. ஆசிரியர்களும் அதே வளவிலே குடியிருந்தார்கள். கிராமத்திலிருந்து வந்த இளைஞனுக்கு ஆங்கிலமும் வானநூலும் கணிதமும் எவ்வளவு புதியனவோ அவ்வளவு புதியது அந்த விடுதி வாழ்வும். ஆயினும் ஐயம் எழுந்தபோது கேட்பதற்கு ஓர் ஆள் எப்போதும் அண்டையில் இருந்தார். அங்கேயே கற்றுத் தேறிய தமிழர் சிலர் ஆசிரியராக அமர்த்தப்பட்டனர். தாம் பட்ட இடர்களைத் தம் பின் வந்தோர் படும்போது அவர்களால் எளிதில் அறிந்துகொள்ள முடிந்தது. அச் செமினரியிலே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் கறல் விசுவநாதபிள்ளை அவர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விளங்கியதை நாம் அறிவோம். சமய மாற்றத்தை நோக்கமாகக் கொண்ட நிலையம் அது என்பதையும் மறைப்பதற்கில்லை; கொடுத்த ஆதரவுக்கு ஒரு விலையும் எதிர்பார்க்கப்பட்டது. 1855 ஆம் ஆண்டிலே, ஆங்கிலங் கற்றோர் மிசன் ஊழியத்தை விட்டு அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் என்ற காரணமும் சேர, செமினரி மூடப்பட்டது. எனினும் அவ்வளவிலே விளங்கிய ஓர் உண்மை நமக்கு எஞ்சியுள்ளது: நல்ல ஆசிரியரும் நல்ல நூலும் போதா, புதியவனுக்குப் பக்கத்திலே ஒரு மூத்தவன் வேண்டும்.

அந் நூற்றாண்டின் பிற்பகுதியிலே அமெரிக்காவில் வேறொரு தேவை தோன்றிற்று. முன்னைய கல்லூரிகளில் எல்லா மாணவரும் ஒரே பாடங்களையே கற்றனர். அங்கே தெரிவு என்ற பேச்சுக்கு இடமில்லை. 1869 ஆம் ஆண்டிலே ஹாவாட் கல்லூரியின் தலைவராக வந்த சாள்ஸ் எலியட், கட்டாய பாடங்களைப் படிப்படியாகக் குறைத்து, மாணவன் தான் விரும்பிய பாடத்தைத் தானே தெரிந்துகொள்ளும் முறையைப் பரப்பினார். சுதந்திரம் வந்தது, அதனுடன் தடுமாற்றமும் வந்தது. எளிதான பாடங்களையே பொறுக்கியெடுத்தோரும் இருந்தனர். தொடர்பில்லாத பாடங்களை அள்ளிக்கொண்டு திகைத்தோரும் இருந்தனர். ஆகவே 1889 ஆம் ஆண்டிலே முதலாண்டு மாணவருக்கென ஆலோசகர் குழுவொன்றை ஹாவாட் ஏற்படுத்திற்று. 1876 ஆம் ஆண்டிலே கற்பித்தலைத் தொடங்கிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகமும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆசிரியர் ஒருவரை ஆலோசகராக்கும் வழக்கத்தைத் தொடக்க காலத்திலேயே கைக்கொண்டது. தெரிவு செய்யும் உரிமையைக் கொடுப்பவர், தெரிவு செய்யும் அறிவையும் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்னும் நீதி இவ்வாறு நிலைபெற்றது.

இதே காலத்தில் இலங்கை மாணவன் யாது செய்துகொண்டிருந்தான்? 1858 ஆம் ஆண்டிலே இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டப் பரீட்சைகளை எவ்விடத்தில் கற்றோருக்கும் திறந்துவிட்டது. அதன் பயனாக எமது நாட்டிலிருந்தவாறே அப் பரீட்சைகளுக்குத் தோற்றிப் பட்டம் பெற்றோர் பலர். ஆசிரியத் தொழிலைச் செய்துகொண்டு, இரவிலே விளக்கின் முன்னிருந்து, கடல் கடந்து வந்த பாடத்திட்டத்தைத் தாமே பொருள் செய்துகொண்ட அப் பெரியோரை எவ்வளவு புகழினும் தகும். ஆனால் தேறியவரின் பெயரை மாத்திரமே நாம் அறிகின்றோம். வழிகாட்ட ஒருவருமின்றி இடைவழியில் ஏட்டை மூடி வைத்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந் நிலையை மாற்ற வேண்டுமென்று குரல் எழுப்பியோருள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். 1906 ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். 1921 ஆம் ஆண்டிலே கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது; மாணவர் இலண்டன் பட்டத்துக்கே படித்தாராயினும், முகம் பார்த்துப் பேசத்தக்க ஆசிரியர்கள் அவர்களுக்குக் கிடைத்தார்கள். 1942 ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி அக் கல்லூரியும் மருத்துவக் கல்லூரியும் இணைந்து, அந்நாளில் சர்வகலாசாலை என்று வழங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதன் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ்.

ஜெனிங்ஸ் அவர்கள் கேம்பிறிட்ஜில் கற்றவர். மாணவரும் ஆசிரியரும் ஓரிடத்தில் வாழ்ந்தாலன்றிப் பல்கலைக்கழகக் கல்வி முழுமை பெறாதென்பது அவர் கொள்கை. 1952 ஆம் ஆண்டிலே பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்தபோது, மகாவலி கங்கையின் அருகே, அந்தானை மலைச்சாரலிலே விடுதி மண்டபங்கள் எழுந்தன. அருணாசலம் மண்டபம், ஜயதிலக மண்டபம், இராமநாதன் மண்டபம், மார்ஸ் மண்டபம் என்று நாட்டின் கல்விக்கு உழைத்தோரின் பெயர்களை அவை தாங்கின. ஒவ்வொரு மண்டபத்துக்கும் பொறுப்பாளராகவும் உதவிப் பொறுப்பாளராகவும் அமர்ந்தவர்கள் பல்கலைக்கழக ஆசிரியர்களே. காலையில் விரிவுரை நிகழ்த்தியவரை மாலையில் விடுதி முற்றத்திலே சந்தித்துத் தன் குறையைச் சொல்ல மாணவனுக்கு வாய்ப்பிருந்தது. நியூ கொலிஜ் விதிகளில் 1379 இல் எழுதப்பட்ட எண்ணம், ஏறக்குறைய 570 ஆண்டுகளின் பின் ஈழத்து மலைநாட்டிலே உருப்பெற்றது என்று சொன்னால் மிகையன்று.

ஆனால், நேயர்களே, அந்த ஏற்பாடு சிறு தொகையினருக்கென அமைந்தது. 1942 இலே பல்கலைக்கழகத்தில் இருந்தோர் ஏறத்தாழ 900 மாணவர் மாத்திரமே. அவர்களிற் பெரும்பாலோர் நகரத்து ஆங்கிலக் கல்லூரிகளில் கற்றவர்கள். வீட்டிலேயும் கல்வி வாசனை உள்ளவர்கள். 1945 ஆம் ஆண்டிலே சீ. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமந்தோறும் மத்திய மகாவித்தியாலயங்கள் பரவின. 1960 ஆம் ஆண்டளவிலே கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. கமக்காரனின் மகனும், கடற்றொழிலாளியின் மகளும் பல்கலைக்கழக வாயிலை அடைந்தனர். எமது நாட்டு வரலாற்றிலே இதனை விடப் பெருமைக்குரிய மாற்றங்கள் சிலவே. ஆயினும் மாணவர் தொகை பல மடங்காகப் பெருகியபோது, வழிகாட்டும் ஏற்பாடு அதே அளவிற் பெருகவில்லை. தன் குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவனுக்கு, பழைய மாணவனைப் பார்க்கிலும் கூடுதலான துணை வேண்டியிருந்தது, கிடைத்ததோ குறைவு. தமிழிலே விரிவுரை கேட்டவன் மேலதிக வாசிப்புக்கு நூல் நிலையம் சென்றால், அங்கே ஆங்கில நூல்களே பெரும்பாலும் அடுக்கப்பட்டிருந்தன.

வெற்றிடம் நெடுங்காலம் வெற்றிடமாக இருப்பதில்லை. நிறுவனம் விட்ட இடத்திலே மூத்த மாணவரின் ஒரு பகுதியினர் புகுந்தனர். புதியவன் எங்கே உண்பது, எவ்வழியே நடப்பது, எந்த உடை அணிவது, எவருடன் பேசுவது என்பனவற்றையெல்லாம் அவர்களே விதிக்கலாயினர். உதவியும் அவர்களிடமே, தண்டனையும் அவர்களிடமே. கைக்குறிப்புகளைக் கொடுத்து உதவுகின்ற அதே கை, இரவிலே முழந்தாளில் நிற்க வைத்தது. பகிடிவதை இந்த அளவிற்கு வேரூன்றியதன் இரகசியம் இதுவென்றே யான் கருதுகின்றேன். புதுமுக மாணவன் அஞ்சிய காரணத்தினால் மட்டும் அதற்கு உடன்படவில்லை. அவனை வரவேற்க வேறு எவரும் வரவில்லை என்பதனாலும் உடன்பட்டான்.

அதன் விளைவு துயரமானது. 1975 ஆம் ஆண்டிலே பேராதனை விடுதியொன்றிலே, துன்புறுத்தலுக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997 ஆம் ஆண்டிலே அதே பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துப் புதுமுக மாணவனாகிய ஒரு தமிழ் இளைஞன், மூத்தவர்கள் வற்புறுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சியின் விளைவாகச் சிறுநீரகம் பழுதுற்று உயிர் நீத்தான். மறு ஆண்டிலே, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்திலே நிறைவேறிற்று. கல்வி நிலையங்களிலே பகிடிவதை புரிதல் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சட்டம் இன்றியமையாதது, ஆனால் சட்டத்தாற் கொடுமை செய்பவனை அகற்ற முடியுமே தவிர, அவன் அமர்ந்திருந்த ஆசனத்திலே நல்லவனொருவனை அமர்த்த முடியாது. அது கல்வியாளர் செய்ய வேண்டிய பணி.

அப் பணியைச் செய்து காட்டியோர் உளர். அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்திலே 1970 ஆம் ஆண்டு மே மாதத்தில் மாணவர் கிளர்ந்தெழுந்து தலைவரின் அலுவலகத்தையே முற்றுகையிட்டனர். தலைவர் தோமஸ் ஜோன்ஸ் அதனை வெறும் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுங் கொள்ளவில்லை. மாணவர் தம் பல்கலைக்கழகத்தை ஏன் தமதென்று எண்ணவில்லை என்று ஆராய்ந்தார். 1972 ஆம் ஆண்டிலே முதலாண்டு மாணவருக்கென ஒரு தனிப் பாடநெறி அங்கே தொடங்கப்பெற்றது. சிறு சிறு வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர். பல்கலைக்கழகம் இயங்கும் விதமும், கற்கும் முறையும், இடர் வந்தால் நாட வேண்டிய இடமும் அங்கே பாடமாயின. அதிற் கற்பிக்க வந்த ஆசிரியர்களும் மாணவரை அறிந்துகொள்ளும் பயிற்சியைப் பெற்றனர். உலகின் பல நாடுகள் இன்று அம் முறையைத் தத்தமக்கேற்பப் பின்பற்றுகின்றன.

எமது பிரதேசத்திலே 1974 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வளாகம் பேராசிரியர் க. கைலாசபதி அவர்களின் தலைமையிலே தோன்றிற்று. திருநெல்வேலியிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி வளவு அதற்கு இருப்பிடமாயிற்று. விஞ்ஞான பீடம் தொடங்கியதோ வட்டுக்கோட்டையிலே, யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதி இயங்கிய இடத்திலே. 1823 இல் டானியல் பூவர் மாணவரை வரவேற்ற அவ்வூரே, 151 ஆண்டுகளின் பின்னர் மீண்டும் புதுமுக மாணவரை வரவேற்றது. 1979 ஆம் ஆண்டிலே அவ் வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மட்டக்களப்பிலே 1981 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இன்று எமது பல்கலைக்கழகங்களிலே மாணவ ஆலோசகர் என்னும் பதவி உண்டு. புதியவருக்கு அறிமுக நிகழ்ச்சிகள் உண்டு. ஆங்கிலப் பயிற்சி உண்டு. 1981 இல் ஆரம்பித்த மகாபொல உதவிப் பணமும் உண்டு. இவை சிறு பேறல்ல. எனினும் அறிமுக விழாவிலே ஏற்றிய குத்துவிளக்கு அணைந்த பின்னரே மாணவனின் உண்மையான ஐயங்கள் பிறக்கின்றன. முதற் பரீட்சையிலே புள்ளி குறைந்தவன், விரிவுரை மொழி விளங்காதவள், வீட்டுச் செலவுக்காக மாலையில் வேலை தேடுபவன் ஆகியோர் தாமாக ஆலோசகரின் கதவைத் தட்டுவது அரிது. கதவைத் தட்டாதவனைத் தேடிச் செல்வதே ஆலோசகரின் முதற் கடமை.

பல்கலைக்கழகத்தை மாத்திரம் குறை கூறுவதும் நியாயமன்று. முப்பது ஆண்டுகளாகப் பாடசாலையிலே பணியாற்றும் ஒருவன் என்ற முறையில், எம் பங்கையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்ததும் வாயிலிலே பதாகை கட்டுகின்றோம். மாலையிட்டுப் படம் பிடிக்கின்றோம். ஆனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தை நிரப்பும் வேளையிலே, எந்தப் பாடநெறியை எந்த வரிசையில் எழுதுவதென்று அறியாது, வெட்டுப்புள்ளியை மாத்திரம் பார்த்து ஊகித்து எழுதும் மாணவர் இன்றும் உளர். ஒருவன் மூன்று நான்கு ஆண்டுகளைச் செலவிட இருக்கும் படிப்பினை அரைமணி நேரத்திலே தீர்மானிக்க விடலாமா? பெறுபேறு வந்த பின்பும் பல்கலைக்கழகம் புகுமுன் பல மாதங்கள் காத்திருக்க நேருகின்றது. அக் காலத்திலே பாடசாலையின் பழைய மாணவரை அழைத்து, அவர்கள் கற்கும் பாடநெறி யாது, விடுதி வாழ்வு எத்தகையது, நூல் நிலையத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று பேசச் செய்தல் ஒரு சதமும் செலவில்லாத காரியம். துன்புறுத்தும் மூத்தவரைச் சந்திக்கு முன்னரே, துணை செய்யும் மூத்தவரொருவரை எம் பிள்ளைகள் சந்தித்து விடுவார்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைக்குப் பணம் அனுப்பியதுடன் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். "சாப்பிட்டாயா, பணம் போதுமா" என்று வினாவுவது போல, "யாரிடம் பாடஞ் சந்தேகம் கேட்கிறாய், உன்னைத் தெரிந்த ஆசிரியர் யார்" என்றும் வினாவுங்கள். இரண்டாவது வினாவுக்கு விடை இல்லையாயின், பிள்ளை தனித்திருக்கின்றது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் கூறியதன் சாரம் ஒன்றே. புதிதாக வரும் மாணவனை யாரோ ஒருவர் வரவேற்கத்தான் போகின்றார். அந்த ஒருவர் பரிவுள்ள ஆசிரியரா, அன்புள்ள மூத்த மாணவரா, அல்லது அவனைக் கொம்புள்ள விலங்காகப் பாவிக்கும் கூட்டத்தவரா என்பதை முன்கூட்டியே தீர்மானிக்கும் வல்லமை எம்மிடம் உண்டு. ஆண்டுதோறும் எம் ஊர்களிலிருந்து பெட்டியுங் கையுமாகப் புறப்படும் பிள்ளைகளுக்கு, போய்ச் சேரும் இடத்திலே பெயர் சொல்லி அழைக்கும் ஒருவரேனும் இருக்கச் செய்வோமாக.